பத்தொன்பது விரற்கடை

"தாயி, பத்தொன்பது விரற்கடை கூட்டி எழுதினா பாவமா?"

வாசலில் நின்றபடியே கேட்டார் மருதையன். தலையில் பனி, மீசையில் பனி, கக்கத்தில் ஊரின் பனிப் புத்தகம்.

ஆவுடை அடுப்பில் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு அண்ணே?"

"யாருக்குன்னா?"

"பாவம் யாருக்குன்னு கேட்டேன்."

மருதையனுக்கு எரிச்சல் வந்தது. அவர் எதிர்பார்த்தது ஆமாம் அல்லது இல்லை. ஆறு வருடமாக இந்தக் குடிசைக்கு ஏறி வருகிறார். அந்த இரண்டு சொல்லில் ஒன்றுகூட இதுவரை கிடைத்ததில்லை.

அவர் தும்பைநகரின் பனி அளப்பவர். வயது ஐம்பத்து நான்கு. ஆவுடைக்கு முப்பத்தாறு இருக்கும். தன்னைவிடப் பதினெட்டு வயது சின்னவளைக் குருவாக்கிக்கொண்டு, அவள் அண்ணே என்று கூப்பிட, இவர் தாயி என்று கூப்பிடுவது ஊருக்கு நல்ல பொழுதுபோக்கு. மருதையன் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஊர்வாயை அளக்க அவரிடம் கோல் இல்லை.

குடிசை இருந்தது மலைமுகட்டில். கிழக்கே அரை நாள் இறங்கினால் தும்பைநகர். மேற்கே அரை நாள் இறங்கினால் வெள்ளிக்கடவு. முகட்டு வழியில் காற்று பனியைத் தங்க விடாது, எந்நாளும் நடக்கலாம். ஆனால் அடிவாரத்துக்குப் போக இரண்டு ஊருக்கும் தனித்தனிப் பாதை. மார்கழி முழுக்கக் கொட்டித் தீர்த்து, தை பிறக்கும்போது இரண்டு பாதையும் மூடிவிடும்.

தலைநகரத்தில் பனி வாருகிற கூட்டம் ஒன்றே ஒன்றுதான். நாற்பது ஆள், பன்னிரண்டு கவரிமாடு. மார்கழி கடைசியில் எந்த ஊர்ப் புத்தகத்தில் அதிகப் பனி இருக்கிறதோ, கூட்டம் அந்த ஊருக்குப் போகும். மற்ற ஊர், வெயில் வந்து பாதையைத் திறக்கும்வரை கதவைச் சாத்திக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

போன வருடம் தும்பைநகர் நாலு விரற்கடையில் தோற்றது. பாதை பதினொரு நாள் மூடிக் கிடந்தது. மருதையனின் மனைவி பூவாத்தாளுக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்தது. வைத்தியர் அடிவாரத்தில் இருந்தார். ஒன்பதாம் நாள் அவள் போய்ச் சேர்ந்தாள்.

இந்த வருடம் மகள் வடிவு நிறைமாதம். தலைப்பிரசவம். மருத்துவச்சியும் அடிவாரத்தில்தான்.

மார்கழி இருபத்தெட்டு. தும்பைநகர்ப் புத்தகத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு விரற்கடை. வெள்ளிக்கடவில் இருநூற்று முப்பத்தொன்று. அந்த ஊர்க்காரர்கள் எண்ணைக் கோயில் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதிப் போடுகிறவர்கள். அது மலை தாண்டி வர நேரமாகாது. தை முதல் தேதி காலையில் தலைநகரத்து ஓட்டக்காரன் முகட்டோடு வந்து, இதே குடிசையில் இரண்டு புத்தகங்களையும் வாங்கிக்கொண்டு போவான்.

"உங்க எண் பொய்யா அண்ணே?" என்றாள் ஆவுடை.

"இருபத்திரண்டு வருஷமா அளக்கிறேன். அரை விரல் கூட்டினதில்லை. அரை விரல் குறைச்சதில்லை."

"அவங்க எண்?"

"பொய்யாத்தான் இருக்கணும். ரெண்டு ஊருக்கும் ஒரே மேகம். எங்களுக்கு மட்டும் கையைச் சுருக்கிக்குமா?"

"பார்த்தீங்களா?"

"எதை?"

"பொய்யை."



ஆவுடை கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"குடிச்சிட்டு மேற்கே இறங்குங்க. ஒரு நாள் இருந்து பாருங்க. இங்க நீங்க இல்லாட்டி வடிவு அளக்க மாட்டாளா?"

"அளப்பா. ஆனா அது எதிரி ஊராச்சே தாயி."

"பனி விழுற ஊர்தானே."

*

வெள்ளிக்கடவுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாயும் நேரம்.

சத்திரத்தில் தன்னைக் கம்பளி வியாபாரி என்று சொல்லிக்கொண்டார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் சொன்ன முதல் பொய் அதுவாக இருக்கலாம். அது அத்தனை சரளமாக வந்தது அவருக்கே ஆச்சரியம்.

ஊர்ச் சதுக்கத்தில் ஒரு கல்மேடை. மேடைமேல் அளவுப்பலகை. தும்பைநகரில் இருப்பது போலவே முழ நீளம், முழ அகலம். அந்த ஊரின் பனி அளப்பவன் சங்கிலி, நாற்பது வயதுக்காரன், பலகையில் கோலை நட்டுப் பார்த்தான். புத்தகத்தில் எழுதினான். முழங்கையால் பலகையைத் துடைத்தான். போய்விட்டான்.

மருதையன் சத்திரத்துக்காரியிடம் ஒரு மணைப்பலகை கேட்டு வாங்கினார். யாரும் பார்க்காத நேரத்தில் அதை மேடையின் மறுபக்கம் வைத்துவிட்டு வந்தார். ஒரே மேடை, ஒரே வானம். நாளைக்கு இதே நேரத்தில் சங்கிலியின் சாயம் வெளுக்கும் என்று நினைத்தபோது ரொம்ப நாளைக்குப் பிறகு அவருக்குப் பசி எடுத்தது. இரண்டு தட்டு சாப்பிட்டார்.

மறுநாள் முழுக்கப் பனி பெய்தது.

விடிந்ததும் சங்கிலி வந்தான். அளந்தான், எழுதினான், துடைத்தான். போனான்.

பொழுது ஏறியதும் வந்தான். அளந்தான், எழுதினான், துடைத்தான்.

பிற்பகலில் ஒரு தடவை. பொழுது சாயும்போது ஒரு தடவை.

நாலாம் தடவை அவன் கோயில் சுவர்ப் பக்கம் போய் அன்றைய எண்ணை எழுதினான். ஒன்பது.

மருதையன் ஓடிப்போய்த் தன் மணைப்பலகையில் கோலை நட்டார். ஆறு. இன்னொரு மூலையில் நட்டார். ஆறேதான்.

"பிடிச்சேன்!" என்று கத்தினார்.

சங்கிலி திரும்பிப் பார்த்தான். "எதை?"

"ஒன்பதுன்னு எழுதினியே. இங்க வந்து பாரு. ஆறுதான் கிடக்கு."

சங்கிலி வந்தான். குனிந்து தன் கோலை நட்டான். அவனுக்கும் ஆறு. முகத்தில் திருட்டு முழி ஒன்றையும் காணோம். குழப்பம்தான் இருந்தது.

"இதை எப்பத் தொடைச்சீங்க?"

"தொடைக்கிறதா? நேத்து சாயங்காலம் வெச்சது."

"நடுவுல தொடைக்கவே இல்லையா?"

"எதுக்குத் தொடைக்கணும்?"

"நல்லாக் கேட்டீங்க. பானையில பழைய சோறு கிடக்கு. அதுமேலயே புதுச் சோத்தையும் கொட்டிட்டு, இப்ப எவ்வளவு வடிச்சேன்னு கேட்டா யாரு சொல்லுவா?"

"யோவ், பனி கிடக்கக் கிடக்க அமுங்கும்யா. மேல விழுறது கீழ கிடக்கிறதை அமுக்கும். நீ விழ விழ வழிச்செடுத்தா அதுக்கு அமுங்கவே நேரமில்லையே. கூடத்தான்…"

மருதையன் நிறுத்தினார். சொன்னது அவர் வாய்தான். காது அப்போதுதான் கேட்டது.

சங்கிலி அவரை மேலும் கீழும் பார்த்தான். "கம்பளி வியாபாரிக்கு எதுக்கு அளவுகோல்?"

"நான் தும்பைநகர் மருதையன்."

சங்கிலிக்கு அந்தப் பெயர் தெரியும். இருபது வருடமாகத் தான் தோற்கடிக்கப் பார்க்கிற பெயர்.

"நீங்க… ஒரு நாளைக்கு ஒரே தடவைதானா?"

"ஒரே தடவை. காலையில."

தலைநகரத்து ஓலையில் 'விழும் பனியை நாள்தோறும் அளந்து எழுதுக' என்று மட்டும்தான் இருக்கும். எத்தனை தடவை என்று எழுத அங்கே யாருக்கும் தோன்றவில்லை. எத்தனை தடவை என்று கேட்க இங்கேயும் யாருக்கும் தோன்றவில்லை. அவரவர் ஊரில் முன்னே அளந்தவர் எப்படி அளந்தாரோ அப்படி.

சங்கிலி மேடைமேல் உட்கார்ந்தான். விரல்விட்டு எண்ணினான். அவன் முட்டாள் இல்லை.

"போன வருஷம் நாலு விரல்ல ஜெயிச்சோமே."

"ஆமா."

"அப்ப உங்களுக்குத்தான் ஜாஸ்தி விழுந்திருக்கு."

"ஆமா."

 இரண்டு பலகையிலும் பனி விழுந்துகொண்டிருந்தது.

*

சங்கிலி அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

அவன் மனைவி மாடத்தி சூடாகக் கூழ் கொண்டுவந்து வைத்தாள். மெலிந்த உடம்பு. இடையிடையே இருமினாள். வந்தவர் பக்கத்து ஊர் என்றதும் அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது.

"போன தையிலயே நான் போயிருக்க வேண்டியவ அண்ணே. நெஞ்சுல சளி. மூச்சு விட முடியலை. ஏதோ நல்ல நேரம், கூட்டம் எங்க ஊருக்கு வந்துச்சு. பாதை திறந்திருந்ததால வைத்தியர் ஏறி வந்தாரு."

"எத்தனாம் தேதி?" என்றார் மருதையன்.

"தை ஏழு. எதுக்குக் கேக்கிறீங்க?"

"சும்மாதான்."

பூவாத்தாள் போனது தை ஒன்பது.

மருதையன் கூழைக் கீழே வைத்தார். ஆத்திரம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அந்தப் பெண் மூச்சு விடுவதைப் பார்க்கப் பார்க்க, அது தன் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த பொருள் போல் இருந்தது. அப்படி நினைத்ததற்கு அடுத்த கணமே வெட்கமாகவும் இருந்தது.

"கூச்சப்படாம குடிங்க அண்ணே," என்று மாடத்தி இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

காலையில் ஊர் எல்லைவரை சங்கிலி கூட வந்தான். எல்லைக் கல்லருகே நின்றான்.

"நான் எழுதிடவா அண்ணே? ஒரு நாளைக்கு நாலு தடவை தொடைச்சுத் தொடைச்சு அளந்ததுன்னு புத்தகத்துல எழுதிடவா? எழுதினா கூட்டம் உங்க ஊருக்கு வரும்."

மருதையன் அவனைப் பார்த்தார். அவன் கண்ணில் பொய் இல்லை. பயம் இருந்தது.

"மாடத்திக்கு இருமல் இன்னும் விடலை," என்றான் சங்கிலி. "அதுக்காகச் சொல்லலை. நீங்க சொன்னா எழுதுறேன்."

ஒரு வார்த்தை போதும். எழுது என்று சொன்னால் அவன் எழுதிவிடுவான். வடிவுக்கு மருத்துவச்சி வந்துவிடுவாள்.

அந்த ஒரு வார்த்தை மருதையன் வாயில் வரவில்லை. வேண்டாம் என்ற வார்த்தையும் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு ஏறத் தொடங்கினார்.

*

குடிசையில் ஆவுடை இல்லை. அடுப்பு ஆறிக் கிடந்தது.

 மருதையன் கிழக்கே இறங்கினார்.

தும்பைநகருக்குள் நுழைந்தபோது தெருவில் ஆள் இல்லை. எல்லாரும் கீழ்வாசலில் நின்றார்கள், அடிவாரப் பாதை தொடங்குகிற இடத்தில். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

பாதையில் ஆவுடை பனி வாரிக்கொண்டிருந்தாள். வாசல் பனியைத் தள்ளுகிற சாதாரண மரவாரி. குத்தினாள், அள்ளினாள், ஓரத்தில் வீசினாள். விடிந்ததிலிருந்து வாருகிறாள் போலிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு அடி திறந்திருந்தது.

"அரசாங்கப் பாதை. அதுல போய்க் கை வெக்கலாமா?" என்றார் நின்றவர்களில் ஒருவர்.

"சாமியாரம்மாவை யாரு கேக்கப் போறா? நாம வெச்சாத்தான் கேப்பாங்க."

"கூட்டம் வந்தா ஒரே நாள்ல வாரிடும். இது எதுக்கு வீண் வேலை?"

தும்பைநகர்க்காரர்கள் சோம்பேறிகள் இல்லை. அவரவர் வாசலைக் கல் தெரியும்வரை சுரண்டுவார்கள். வாசலைத் தாண்டி ஓர் அடி வைத்தால் அது அரசாங்கத்துடையது. அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, எல்லாருக்கும் தெரியும்.

கூட்டத்தின் ஓரத்தில் வடிவு நின்றாள். போர்வைக்கு மேலும் வயிறு தெரிந்தது. அப்பாவைப் பார்த்ததும், "இருநூத்து இருபத்து மூணு அப்பா, இன்னைக்குக் காலையோட," என்றாள்.

மருதையன் பாதையில் இறங்கி ஆவுடையிடம் போனார்.

"தாயி, போய்ப் பார்த்தேன். பொய் இல்லை."

"ம்."

"அவங்க ஒரு நாளைக்கு நாலு தடவை தொடைக்கிறாங்க. நாங்க ஒரு தடவை. அவங்க வழியில அளந்தா எங்களுக்கு முந்நூறைத் தாண்டும். எங்க வழியில அளந்தா அவங்களுக்கு இருநூறே வராது. எங்க எண்ணும் நிஜம். அவங்க எண்ணும் நிஜம். பக்கத்துல பக்கத்துல வெச்சா ரெண்டும் பொய்."

இதை அவர் வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தார். நன்றாகத்தான் வந்தது.

ஆவுடை ஒரு வாரி பனியை ஓரத்தில் வீசினாள்.

"காலையில ஓட்டக்காரன் வந்துடுவான் தாயி. முந்நூத்துச் சொச்சம்னு எழுதினா அது பொய்யில்லை. என் மகளுக்குப் பாதை திறக்கும், அங்க ஒரு பொண்ணுக்கு மூடும். இருக்கிறதை அப்படியே எழுதினா அந்தப் பொண்ணுக்குத் திறக்கும், என் மகளுக்கு மூடும். எதை எழுத? இன்னைக்காவது நேராப் பதில் சொல்லுங்க."

ஆவுடை வாரியை ஊன்றி நின்றாள்.

"போன வருஷம் பதினொரு நாள் மூடிக் கிடந்துச்சே. நீங்க என்ன செஞ்சீங்க அண்ணே?"

"தலைநகரத்துக்கு மனு எழுதினேன்."

"ஒண்ணா?"

"ஏழு."

"அப்புறம்?"

"திரும்பத் திரும்ப அளந்தேன். அந்த நாலு விரல் எங்க போச்சுன்னு."

"எங்க அளந்தீங்க?"

"பலகையில."

"அப்ப அண்ணி?"

"உள்ள… படுக்கையில."

ஆவுடை குனிந்து மறுபடி வாரத் தொடங்கினாள்.

மருதையன் பாதையைப் பார்த்தார். அடிவாரத்துக்கு ஒரு நாள் நடை. திரும்பி ஊரைப் பார்த்தார். அறுநூறு வீடு. வீட்டுக்கு ஒரு மரவாரி. அவர் கணக்கில் கெட்டிக்காரர். இந்தக் கணக்கு ஒன்றுதான் அவருக்கு இத்தனை நாள் வரவில்லை.

இப்போது வந்துவிட்டது. பனியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஊர் பார்க்கப் பூவாத்தாள் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதார். இறந்த அன்றுகூட அவர் அப்படி அழுததில்லை. அன்று அவருக்குக் கோபப்பட வெள்ளிக்கடவு இருந்தது.

யாரும் பக்கத்தில் வரவில்லை. ஆவுடை வாரிக்கொண்டே இருந்தாள்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். புத்தகத்தைப் பிரித்தார். மடியிலிருந்து கரிக்குச்சியை எடுத்து எழுதினார்:

'இருநூற்று இருபத்து மூன்று. நாளுக்கு ஒரு முறை அளந்தது. நடுவில் துடைக்கவில்லை.'

வடிவைக் கூப்பிட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். "உன் வீட்டுக்காரன்கிட்டச் சொல்லு. விடியறதுக்குள்ள முகட்டுல இருக்கணும்."

வடிவு எழுதியிருந்ததைப் படித்தாள். அவளுக்கும் கணக்குத் தெரியும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் வீட்டு மரவாரி இருந்தது. அதை அப்பாவிடம் நீட்டினாள்.

மருதையன் வாங்கிக்கொண்டார்.



முதல் வாரி பனி பாதிக்கு மேல் அவர் காலிலேயே விழுந்தது. இருபத்திரண்டு வருடம் கோல் பிடித்த கை. இரண்டாவது வாரி ஓரத்துக்குப் போயிற்று. பத்து வாரிக்குள் முதுகு பிடித்துக்கொண்டது. இருபதுக்குள் போர்வையைக் கழற்றி எறிந்தார்.

பின்னால் யாரோ பாதையில் இறங்குகிற சத்தம் கேட்டது. யாரென்று திரும்பிப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

கொஞ்சம் கழித்து நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். முன்னால் பார்த்தார். வெள்ளை. கண்ணுக்கு எட்டியவரை வெள்ளை.

"அடிவாரம்வரைக்கும் எத்தனை நாள் ஆகும் தாயி?"

ஆவுடை வாரியைப் பனியில் குத்தினாள்.

"நான் அளக்கலை அண்ணே."